கடலோர வீட்டில் மின்கார்: வண்டியில் குறை இல்லை, எர்த்தில்தான்

கீழக்கரை நண்பர் கேட்டிருந்தார்: "பழைய டாடா நெக்ஸான் மின்கார் விலை இறங்கியிருக்கு, எடுக்கலாமா?"

வண்டியைப் பற்றிக் கவலையே வேண்டாம். 30.2 கிலோவாட் மணி பேட்டரி. ஏசி போட்டு ஓட்டினாலும் ஒரு சார்ஜுக்கு 180, 200 கிலோமீட்டர் தாராளமாக வரும். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போய்த் திரும்ப 40 கிலோமீட்டர்கூட ஆகாது. ராமேஸ்வரம் போய்வரவும் வழியில் எங்கும் நிற்க வேண்டியதில்லை. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் திரும்பி வரும்போது பாம்பன் பாலம் தொட்டு எதிர்க்காற்று அடிக்கும், சார்ஜ் கொஞ்சம் கூடக் குறையும். அதற்கு மட்டும் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

தினம் 60 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு வீட்டு 15 ஆம்பியர் பிளக்கே போதும். அந்தத் தூரத்துக்குச் சுவரிலிருந்து ஒன்பது, பத்து யூனிட் எடுக்கும். 230 வோல்ட் நிலையாக இருந்தால் மூன்று மணி நேரம், 190க்கு இறங்கினால் மூன்றரை. ஆனால் இரண்டு மாதக் கணக்கில் இது மட்டுமே 550 யூனிட்டைத் தாண்டிவிடும். 500ஐத் தாண்டினால் மின்கட்டணத்தில் கீழ் அடுக்குக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் கைவிட்டுப் போகும். பெட்ரோல் செலவோடு பார்த்தால் அப்போதும் லாபம்தான்.

இனி எர்த், அதாவது கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. இந்தக் கரையில் மின்கார் வைத்திருப்பவரை விடாமல் படுத்துவது இது ஒன்றுதான்.

ராத்திரி பிளக்கைச் செருகிவிட்டுப் படுக்கிறோம். காலையில் பார்த்தால் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு, பேட்டரி அதே 22 சதவீதம். எலக்ட்ரீஷியன் வந்து பேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டுக் காட்டுவார். பளிச்சென்று எரியும். "எர்த் நல்லாத்தானே இருக்கு, உங்க வண்டியிலதான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தச் சோதனையை நம்பவே கூடாது. 100 வாட் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. எர்த்தின் மின்தடை 50 ஓம் இருந்தாலும் நஷ்டமாவது 20 வோல்ட் போலத்தான். பல்பு 210 வோல்ட்டில் எரிகிறதா 230இலா என்பது கண்ணுக்குத் தெரியாது. சார்ஜருக்குத் தெரியும், அதனால் நிறுத்திவிடுகிறது. அது செய்வதுதான் சரி.

காரணம் நம் மணல். மேல்மணல் ஈரம் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கியிருக்கும்போது ஒழுங்காகச் சார்ஜ் ஏறும் வீடுதான் அக்னி நட்சத்திரத்தில் மக்கர் பண்ணும். எர்த் குழியில் கரியோடு கொட்டிய உப்பு இரண்டு மழைக்கே கரைந்து கீழே போய்விடும், கரி மட்டும் மிஞ்சும். குழியில் இறக்கிய ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்பு) உப்புக் காற்றும் உவர் ஈரமும் சேர்ந்து தின்னும். முதலில் போவது கம்பியும் பைப்பும் சேரும் போல்ட். செம்புக் கம்பியை நேரே ஜிஐயில் முறுக்கியிருந்தால் இன்னும் சீக்கிரம். போல்ட்டைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளைப் பொடி உதிரும். அதற்கு அடியில் துரு.

செய்ய வேண்டியது இது. செம்பு பூசிய 3 மீட்டர் ராடு இரண்டு, ஒன்றுக்கொன்று குறைந்தது 3 மீட்டர் தள்ளி. சுற்றிலும் உப்புக்குப் பதில் பெண்டோனைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண்) கலவை. இரண்டையும் செம்புப் பட்டையால் இணைத்து, சேரும் இடத்தில் பித்தளை கிளாம்ப், அதன்மேல் கிரீஸ். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். அங்கிருந்து சாக்கெட் வரை 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எம்சிபி (லோடு கூடினால் விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்). கோடையில் வாரம் ஒரு வாளித் தண்ணீர் குழிக்கு ஊற்றுங்கள்.

குறுக்கு வழி ஒன்று சொல்வார்கள்: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) எர்த்தையும் சேர்த்துவிடுவது. சிவப்பு விளக்கு உடனே அணையும். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் கார் பாடியில் 230 வோல்ட் நிற்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை கதவைத் தொட்டால் என்ன ஆகும்? தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள்.

சாக்கெட்டும் இங்கே சீக்கிரம் பச்சை பூக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம்; கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே லூஸ், சாக்கெட்டை மாற்றுங்கள். தனுஷ்கோடி போய்வந்தால் வண்டியின் சார்ஜிங் வாயில் மணல் இருக்கும். காய்ந்த பிரஷ் போதும், எண்ணெய் விடாதீர்கள். வண்டியைப் போர் தண்ணீரில் கழுவினால் உப்புமேல் உப்புதான். குடிதண்ணீர் இரண்டு வாளி செலவழியுங்கள்.

ஓட்ட சுகம், செலவு குறைவு, இந்த ஊர் தூரங்களுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. இருந்தும் இன்றைக்குக் கேட்டால், வாடகை வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்றே சொல்வேன். குழி தோண்ட விடாத வீட்டில் இந்த வண்டி நிம்மதி தராது. சொந்த வீடு என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் வைகாசி வெயிலில் எர்த் டெஸ்டர் உள்ள ஆளை வரச்சொல்லி அளந்து பாருங்கள். பல்பு கொண்டுவருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.