ஷவல் ஸ்டீரிங் ரிப்பேர்னு 3,800 சிங்கப்பூர் வெள்ளி போச்சு, மிஷின் வச்சிருக்கவங்க படிங்க

வயிறு எரியுது. யார்டுல உக்காந்தே டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க. சுங்கை காடுட்ல மண்ணு கல்லு ஏத்துற சின்ன வேலை என்னோடது, இருக்கிறது ஒரே ஒரு பழைய ஷவல், அதான் முன்னாடி பெரிய வாளி வச்ச வீல் லோடர். போன மாசம் ஸ்டீரிங் மந்தமாயிடுச்சு, மூணு சுத்து சுத்தினா பாதிதான் திரும்புது, கீழ லாரி டிரைவர் நிக்கிறப்ப அதை வச்சு எப்படி ஓட்டுறது.

ஹைட்ராலிக் ஒர்க்‌ஷாப் ஒண்ணுக்கு போன் அடிச்சேன், பேரு வேணாம். வந்த தம்பி பட்டுக்கோட்டை, நான் பேராவூரணி, வேற என்ன வேணும், அங்கயே விழுந்துட்டேன். ஸ்டீரிங்கை ஒரு பக்கம் கடைசி வரைக்கும் வளைச்சு, அதுக்கு மேலயும் அழுத்திச் சுத்திக் காட்டினான், மெதுவா வழுக்கிட்டே சுத்துச்சு. "பாத்தீங்களாண்ணே, ஆர்பிட்ரோல் உள்ள தேஞ்சு போச்சு, ரீகண்டிஷன் பீஸ் இருக்கு, உங்களுக்குங்கிறதால 3,800"னான். ஆர்பிட்ரோல்னா ஸ்டீரிங்குக்கு அடியில இருந்து, நாம சுத்துற அளவுக்கு எண்ணெயை அனுப்புற பீஸ். டீ வாங்கிக் குடுத்து, போன்லயே காசு அனுப்புற பேநவ்ல மொத்தக் காசையும் போட்டேன். முழுசா! கடைசி வரைக்கும் வளைச்ச பிறகு கொஞ்சம் வழுக்குறது நல்ல பீஸ்லயும் இருக்கும்னு அப்ப எனக்குத் தெரியாது.

மாட்டியும் அதே மந்தம். கேட்டா, லைன்ல காத்து இருக்கு, ரெண்டு நாள் ஓட்டுங்கன்னான். ரெண்டு நாள் கழிச்சு, உங்க எண்ணெய் சரியில்லண்ணே. அப்புறம் பாஸ் ஜோகூர் போயிருக்காரு. அப்புறம் நீலக் குறி மட்டும் விழுது, பதில் இல்ல.

நேத்து தெரிஞ்ச சீன அங்கிள் ஒருத்தர் வந்தாரு. அவர்தான் புரியுற மாதிரி சொன்னாரு. இந்த மாதிரி ஷவல்ல நாம சுத்துற ஸ்டீரிங் நேரா சிலிண்டரைத் தள்ளாதாம். ஆர்பிட்ரோல் வழியா கொஞ்சூண்டு எண்ணெய் (இதுக்குப் பேரு பைலட் எண்ணெய்) போயி பெரிய வால்வு உள்ள இருக்கிற ஸ்பூல்ங்கிற தண்டை நகத்தும், அந்த வால்வு திறந்ததும் மெயின் பம்ப் எண்ணெய் ரெண்டு சிலிண்டருக்கும் பாஞ்சு மிஷினை நடுவுல மடக்கும். யானையைப் பாகன் கால்விரலால திருப்புற கதைதான். விரல்ல பலம் இல்லன்னா யானை அசையாது. கேஜ் மாட்டிப் பாத்தா என் மிஷின்ல பைலட் பிரஷர் 25 பாராவது இருக்கணும், 9ல நிக்குது! பிரஷர் குறைக்கிற வால்வைக் கழட்டினாரு, உள்ள சுண்டுவிரல் நகம் அளவுக்கு கருப்பு ரப்பர், பழைய ஹோஸ் உள்பக்கம் உரிஞ்சு வந்து அடைச்சிருக்கு. அவர் வாங்கினது 180 வெள்ளி.

பிரஷர் ஏறிடுச்சு, ஆனாலும் ஸ்டீரிங் நடுவுலயே வழுக்குது. அந்த 3,800 வெள்ளி பீஸைக் கழட்டினோம். வெளிய பளபளன்னு மஞ்சள் பெயிண்ட், போல்ட் தலைக் குழியில கூட பெயிண்ட், நகத்தால சுரண்டினா அடியில பழைய கிரீஸ் அழுக்கு அப்படியே. உள்ள கியர்ல கோடு கோடா கீறல். அதாவது நல்லா இருந்த என்னோடதைக் கழட்டிட்டு செத்ததை மாட்டியிருக்கானுங்க.

எப்படி செக் பண்றதுன்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், லாரி வெயிட் பண்ணுது. கேஜ் மாட்டி நம்பரைக் காட்டாதவன்கிட்ட பார்ட்ஸ் மாத்தாதீங்க. முழுக் காசு முன்னாடி வேணாம். ரசீது எழுதி வாங்குங்க, என்கிட்ட இருக்கிறது வாய்ஸ் மெசேஜ் மட்டும்தான். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துல 20,000 வெள்ளி வரைக்கும் கேஸ் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள, நான் போடப் போறேன். கழட்டின பழைய பீஸை கையில வாங்கிக்குங்க, இதுதான் முக்கியம். நான் இன்னிக்கு காலையில வேற நம்பர்ல இருந்து அடிச்சு என்னோடது எங்கடான்னு கேட்டேன், "அதைக் கரங்கூனிக்குப் போட்டாச்சுண்ணே", அதாவது பழைய சாமான் வாங்குறவனுக்குன்னு சொல்லி போனை வச்சுட்டான்.