8, 16, 32: ஆறு வருட ரேம் கணக்கு

2019-இல் லேப்டாப் வாங்கியபோது 16 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளைக் கணினி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) கட்டுப்படியாகவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. ஒதுக்கி வைத்திருந்த தொகைக்குள் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. இன்டெலின் ஐ5 செயலியோடு 16 ஜிபி எடுக்கலாம், அல்லது அதற்கு மேல்படியான ஐ7 செயலியோடு 8 ஜிபி எடுக்கலாம். விலை ஏறக்குறைய ஒன்றுதான். நான் ஐ7-ஐ எடுத்தேன். மூடியைத் திறந்ததும் கண்ணில் படும் அந்தச் சின்ன ஸ்டிக்கருக்கு ஒரு கௌரவம் இருந்தது. உள்ளே எங்கோ கிடக்கும் ரேமை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆக, காசு இருக்கத்தான் செய்தது. அதை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டு, இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் வேலை, புத்தகங்களை அச்சுக்கு வடிவமைப்பது. இன்டிசைனும் ஃபோட்டோஷாப்பும் காலையில் திறந்தால் மாலைவரை மூடுவதில்லை. கூடவே பிரவுசரில் இருபது முப்பது டேப், திருத்தம் பார்க்க ஒரு பிடிஎஃப், மெயில். முதல் ஆறு மாதம் எதுவும் உறைக்கவில்லை. அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் படம் இருக்கிற ஒரு புத்தகம் வந்தது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் திரை வெளுத்துப்போய் நிற்கும். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டே இருக்கும். செயலி என்ன செய்கிறது என்று, விண்டோஸில் எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் பத்து சதவீத உழைப்போடு சும்மா உட்கார்ந்திருக்கும். அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய ஐ7!

ரேம் போதாதபோது கணினி நின்றுவிடுவதில்லை, அதனால்தான் நம்மால் குறையைச் சட்டென்று கண்டுபிடிக்க முடிவதில்லை. இடம் பற்றாமல் போனதும், அந்த நேரத்துக்குத் தேவைப்படாத பகுதிகளை விண்டோஸ் முதலில் சுருக்கிப் பார்க்கும். அதுவும் போதாவிட்டால் டிஸ்க்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளும். தேவைப்படும்போது திரும்ப எடுத்து வரும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ வினாடி ஆகும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்கச் சுமார் 10 மில்லி வினாடி. கணக்குப் போட்டால் லட்சம் மடங்கு வித்தியாசம். எந்தச் செயலியாலும் அந்தக் காத்திருப்பை ஈடுகட்ட முடியாது.

ஒரு வருடம் தள்ளாடிவிட்டு, 2020-இல் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. ரேமா, எஸ்எஸ்டியா (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகம்) என்ற கேள்வி வந்தது. இந்த முறை எஸ்எஸ்டியை எடுத்தேன், அதில் இன்றும் எனக்கு வருத்தமில்லை. கணினி எழுவது, மென்பொருள் திறப்பது, கோப்பு சேமிப்பது என்று எல்லாமே ஒரே நாளில் மாறிப்போயின. பேஜ் ஃபைலும் அதற்கே போய்விட்டதால் பழைய திணறல் பாதிக்குமேல் குறைந்தது. இன்னும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே விண்டோஸை ஓட்டுபவர்கள் ரேமைப் பற்றி யோசிக்கும் முன் அதை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நல்ல எஸ்எஸ்டியும்கூட ரேமைவிட ஆயிரம் மடங்கு அளவுக்கு மெதுவானது. கனமான கோப்பு வந்த நாட்களில் அந்தப் பற்றாக்குறை மறுபடி தலைகாட்டியது.

2021-இல் ஒருவழியாக இரண்டாவது 8 ஜிபி. லேப்டாப்பில் ரேம் மாட்டும் இடம், அதாவது ஸ்லாட், ஒன்று காலியாக இருந்தது, அது என் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தையும் கெடுத்துக்கொள்ளப் பார்த்தேன். மிச்சம் பிடிக்கலாம் என்று ஒருவர் பயன்படுத்திக் கழற்றிய ரேமை வாங்கி மாட்டினேன். இரண்டு வாரத்தில் தொல்லை ஆரம்பித்தது. வாரம் ஒருமுறை விண்டோஸ் பிழை காட்டி நின்றுபோகும் நீலத்திரை. ஜிப் கோப்பு திறக்காது. அச்சகத்துக்கு அனுப்பிய ஒரு பிடிஎஃப்பில் ஒரு படம் பாதிக்குமேல் கோடுகோடாக இருந்தது. மென்பொருள்மீது சந்தேகப்பட்டு விண்டோஸை இரண்டுமுறை அழித்து நிறுவினேன். கடைசியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் திரையில் பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள். விற்றவரிடம் கேட்டதற்குக் கையை விரித்துவிட்டார். புதிதாக ஒன்று வாங்கினேன். மிச்சம் பிடித்தது போக மேலும் செலவு. பழைய ரேம் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாட்டிய அன்றே சோதியுங்கள், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள்.

நல்ல ரேம் வந்தபின் எதிர்பாராத ஒன்று நடந்தது. திரையில் பக்கங்களை நகர்த்துவதும் பெரிதாக்குவதும் முன்பைவிட வழுக்கிக்கொண்டு போயின. ஒற்றை ரேமோடு ஒரே சேனலில் (ரேமுக்கும் செயலிக்கும் இடையே தகவல் போகும் பாதை) ஓடிக்கொண்டிருந்தது இப்போது இரண்டு சேனலுக்கு வந்துவிட்டது. என் லேப்டாப் காலத்து ரேம் வகையான டிடிஆர்4-இல், 2666 என்ற வேகத்தில் ஓடும் ரேம் ஒன்று நொடிக்குச் சுமார் 21 ஜிபி தகவலைக் கடத்தும்; இரண்டு சேர்ந்தால் அதில் இரு மடங்கு. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் திரைக்கான வேலையும் இதே ரேமை வைத்துத்தான் நடக்கிறது என்பதால் பலன் கண்ணுக்கே தெரியும். ஒரே 16 வாங்குவதா, இரண்டு 8 வாங்குவதா என்று யாராவது கேட்டால், லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

16 ஜிபிக்கு வந்தபிறகுதான் அளக்கவும் கற்றுக்கொண்டேன். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் பயன்பாடு 80 சதவீதம் என்று இருப்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. இடம் இருந்தால் மென்பொருள்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளும். ஃபோட்டோஷாப்பை நாம் மாற்றாதவரை தனக்குக் கிடைக்கக்கூடிய ரேமில் 70 சதவீதம் வரை கேட்கும். அதற்குக் கீழே 'கமிட்டட்' என்று இரண்டு எண்கள் சாய்கோட்டோடு இருக்கும். திறந்திருக்கும் எல்லாம் சேர்ந்து மொத்தம் எவ்வளவு இடம் கேட்டு வாங்கியிருக்கின்றன என்பதை அதில் முதல் எண் சொல்லும். கனமான வேலை நாளில், எல்லாம் திறந்திருக்கும்போது, அதைக் குறித்து வைத்தேன். ஒரு மாதம் பார்த்ததில் 13, 14 ஜிபியைத் தொட்டது, ஒரே ஒருநாள் 17-க்குப் போனது. 8 ஜிபியை வைத்துக்கொண்டு நான் செய்தது குருவி தலையில் பனங்காய் வைத்த கதை என்று அன்றைக்குத்தான் எண்ணால் புரிந்தது. அதே நேரத்தில், 32-க்கு ஏங்க வேண்டியதில்லை என்பதும் புரிந்தது.

இவ்வளவு தெரிந்தபிறகும் 2022-இல் இன்னொரு தப்பு செய்தேன். வீட்டில் மனைவிக்கென்று மெல்லிய லேப்டாப் ஒன்று. எடை குறைவு, திரை அருமை, 8 ஜிபி. பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்ற பழைய நினைப்பில் வாங்கிவிட்டேன். அதில் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டது, ஸ்லாட்டே கிடையாது. அதுமட்டுமா, கிராஃபிக்ஸுக்கென்று 2 ஜிபி முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிட்டதால் விண்டோஸ் காட்டும் கணக்கில் பயன்படுத்தக்கூடியது 5.9 ஜிபி. வீடியோ அழைப்பில் இருந்தபடி ஒரு பெரிய எக்செல் கோப்பைத் திறந்தால் குரல் விட்டுவிட்டு வருகிறது. மற்றபடி அந்த இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. இன்னும் ஐந்து வருடம் உழைக்கும் போலிருக்கிறது, அதுதான் வருத்தமே. "டேப்பை மூடு" என்பது எங்கள் வீட்டில் "விளக்கை அணை" மாதிரி ஆகிவிட்டது.

2024-இல் அலுவலக வேலைக்கு டெஸ்க்டாப் சேர்த்தேன். டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5, 16 ஜிபி ரேம் இரண்டு. என் அளவுப்படி 16-ஏ கிட்டத்தட்ட போதும், அந்த 17 வந்த நாளையும் சேர்த்தால் 24. ஆனால் அந்த நேரத்தில் ரேம் விலை இறங்கிக் கிடந்தது, கொஞ்சம் தாராளம் காட்டினேன். நான்கு ஸ்லாட்டில் இரண்டு இன்னும் காலி. அங்கே ஒரு விஷயம்: டிடிஆர்5-இல் நான்கையும் நிரப்பினால் வேகம் பெரும்பாலும் இறங்கிவிடும், செயலியின் நினைவகக் கட்டுப்பாட்டகத்துக்குச் சுமை கூடுவதால். "இப்போது இரண்டு, அப்புறம் இரண்டு" என்ற டிடிஆர்4 காலத்துத் திட்டம் இங்கே அவ்வளவு சுலபமாகச் செல்லாது. அளவைக் கூட்ட வேண்டுமானால் இருப்பதைக் கழற்றிவிட்டுப் பெரிய ஜோடியாகப் போடுவதே நல்லது, அப்படியென்றால் முதலில் போட்ட காசு பாதி வீண்.

ரேம் நாளாக நாளாக மலிவாகும் என்பது நான் இத்தனை வருடமும் கேள்வி கேட்காமல் நம்பிய ஒன்று. 2025-இன் கடைசி மாதங்கள் அதையும் உடைத்தன. ரேம் செய்யப் பயன்படும் டிராம் சிப்புகளில் உலக அளவில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் சாய்ந்தது, நம் மாதிரி ஆட்கள் வாங்கும் ரேம் விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், குரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு விற்றுவந்த தொழிலையே மூடப்போவதாக அறிவித்தது. இப்போது என் 32 ஜிபியைப் பார்த்து நண்பர்கள் "முன்யோசனைக்காரன்" என்கிறார்கள். முன்யோசனையும் இல்லை ஒன்றும் இல்லை, மலிவாகக் கிடைத்தது, வாங்கினேன்.

போன மாதம் தங்கை புது லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு எழுதும் வேலை, பிரவுசர், எப்போதாவது வீடியோ. "அண்ணா, 16 கட்டுப்படியாகாது, 8 எடுத்துக்கட்டுமா?" என்றாள். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ஐ7, தொடுதிரை, 1 டிபி எஸ்எஸ்டி. அவளுடைய பழைய கணினியில் மொத்தக் கோப்புகளும் 90 ஜிபிதான். எஸ்எஸ்டியைப் பாதியாக்கி, தொடுதிரையை விட்டு, ஐ5-க்கு இறங்கி, ஸ்லாட் இருக்கிற மாடலாகப் பார்த்தோம். 16 ஜிபியோடு அவள் சொன்ன தொகைக்குள் அடங்கியது. அந்த ஐ7 ஸ்டிக்கர் மேல் அவளுக்குக் கொஞ்சம் ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. என் பழைய லேப்டாப்பிலிருந்து உரித்துத் தருகிறேன் என்றேன்.