அட்டையின் பின்பக்கம்

பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று கிளம்பிய பயணம் ஐந்து வாரமானது. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால், தஞ்சாவூரிலேயே தங்கவேண்டியதாயிற்று. சிங்கப்பூரிலிருந்து நான் கொண்டுவந்திருந்த எஸ்சிட்டாலோபிராம் 10 மில்லிகிராம் இரண்டு வாரத்துக்குத்தான் இருந்தது.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நான்கு வருடமாக அதைச் சாப்பிடுகிறேன். வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் எடுத்துக்கொள்ளும் மருந்து அது. சட்டென்று நிறுத்தினாலோ தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் மின்சாரம் சொடுக்குவது போன்ற உணர்வு எல்லாம் வரும். ஒருமுறை நிறுத்திப் பார்த்துப் பட்ட பாடு போதும்.

பேருந்து நிலையத்துக்கு அருகே இருந்த ஒரு மருந்துக்கடையில் காலி அட்டையைக் காட்டினேன். "இந்தக் கம்பெனி இங்கே வராது சார், அதே மருந்துதான்" என்று வேறோர் அட்டையை நீட்டினார். மருந்துச் சீட்டு கேட்கவில்லை. இவ்வளவு சுலபமா என்று மகிழ்ந்துபோய் வாங்கி வந்தேன்.

வீட்டில் அட்டையைத் திருப்பிப் படித்தபோதுதான், பெயரின் வாலில் ஒட்டியிருந்த 'பிளஸ்' எதற்கென்று புரிந்தது. எஸ்சிட்டாலோபிராமோடு குளோனாசிபாம் 0.5 மில்லிகிராமும் சேர்ந்திருந்தது. இந்தியாவில் இந்தக் கூட்டு மாத்திரை சாதாரணமாகக் கிடைக்கிறது. முதல் மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை சில வாரங்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தருவதும் உண்டு. ஆனால் குளோனாசிபாம் பழக்கமாகிவிடக்கூடிய மருந்து. எனக்கு எவரும் எழுதித் தந்ததில்லை. அதைப் பையில் போட்டுக்கொண்டு சிங்கப்பூரில் இறங்குவதென்றால் முன்கூட்டியே அனுமதி வேறு வாங்கவேண்டும். திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் சொன்ன சமாதானம்: "நன்றாகத் தூக்கம் வரும் சார், வைத்துக்கொள்ளுங்கள்."

அடுத்த தெருவில் ஒரு சின்னக் கடை. அங்கிருந்த பெண், "சீட்டு இல்லாமல் தரமாட்டேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டாள். அப்போது கோபம் வந்தது. இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல சேவை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மாலையில் மனநல மருத்துவரைப் பார்க்கப் போனேன். பெயர்ப்பலகையில் பட்டங்கள் இருந்தன, 'மனநலம்' என்ற சொல் மட்டும் இல்லை. ஊரில் அவர் 'நரம்பு டாக்டர்'. கட்டணம் 500 ரூபாய், டோக்கன் எண் 23, இரண்டு மணி நேரக் காத்திருப்பு. ஆனால் உள்ளே போனபின் அவசரப்படுத்தவில்லை. தூக்கம், குடி, சாகவேண்டும் என்ற எண்ணம் எல்லாவற்றையும் நேரடியாகக் கேட்டார். மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதிக் கொடுத்தார். விமான நிலையத்தில் காட்ட அதுவே உதவும்.

துணைக்கு வந்திருந்த பெரியம்மா அப்போதுதான் சுருக்குப்பையைத் திறந்தார். கத்தரித்த அட்டைத் துண்டு, அதில் இரண்டு மாத்திரை. கத்தரி பட்டதில் பெயரின் பின்பாதியும் 0.25 என்ற எண்ணும்தான் மிச்சம். காலாவதித் தேதி கடையிலேயே நின்றுவிட்டது. டாக்டர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அல்பிரசோலம். பதற்றத்துக்குக் கொடுக்கும் மருந்து, குளோனாசிபாமின் இனம்தான்.

"எத்தனை நாளாக, அம்மா?"

"அவர் போனதிலிருந்து. மூன்று வருடம் இருக்கும்."

"யார் எழுதிக் கொடுத்தது?"

"முதலில் ஒரு டாக்டர். அப்புறம் காலி அட்டையைக் காட்டினால் கடையிலேயே தந்துவிடுவார்கள்."

அல்பிரசோலம், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் எச்1 பட்டியலில் உள்ள மருந்து. எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று வருடம் கடையில் வைத்திருக்கவேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. பெரியம்மாவின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

டாக்டர் திட்டவில்லை. இன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்று பெரியம்மா சொன்னதற்குத்தான் பதறினார். இவ்வளவு நாள் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும் என்றார். சீட்டில் 0-0-½, அதாவது இரவில் மட்டும் அரை மாத்திரை என்று எழுதி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். பின்பக்கத்தில் 14416 என்று குறித்துக் கொடுத்தார். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். பெரியம்மாவுக்கென்று தனிக் கட்டணம் வாங்கவில்லை.

அன்றிரவு எவர்சில்வர் மூடியைக் கவிழ்த்து வைத்து, பிளேடால் அந்தக் கடுகத்தனை மாத்திரையை வெட்டினார் பெரியம்மா. ஒரு பாதி தெறித்து மிக்சிக்கு அடியில் ஓடியது. "இதை எண்ணுவதா வேண்டாமா, தம்பி?" என்றார்.