அப்பாரு பெட்டியில் கிடக்கும் பார்க்கர் 51: அசலா, ஹீரோவா?

நிப்பு வெளியே தெரியாமல் மூக்குக்குள் ஒளிந்திருக்கும் பழைய மைப்பேனா எதுவானாலும் கொங்குப் பக்கம் அதற்குப் பேர் ‘பார்க்கர்’தான். மில் கணக்குப்பிள்ளை, மஞ்சள் மண்டிக்காரர், பத்திரம் எழுதுபவர் என்று யார் சட்டைப்பையில் இருந்ததோ, பேரன் கைக்கு வரும்போதும் அந்தப் பேரோடுதான் வருகிறது. அதில் சீனத்து ஹீரோ 616-ம் கலந்திருக்கும். ஹீரோவை மட்டம் சொல்ல முடியாது, நன்றாகவே எழுதும். ஆனால் அது பார்க்கர் 51-ஐப் பார்த்துச் செய்த பிரதி. விலையும் வேறு, பழுது பார்க்கும் முறையும் வேறு.

மூடியை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஐம்பது வருடத்தில் மூடி மாறிப்போவது சகஜம். உள்ளேதான் பார்க்க வேண்டும். பின்பக்கக் குழலை மெதுவாக இடப்பக்கம் திருகுங்கள். நடுவில் உள்ள உலோக வளையத்துக்குப் பின்னால் இருக்கிற பகுதி மட்டும்தான் கழல வேண்டும். அதற்குப் பதில் முன்மூக்கு சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள்: மூக்கை அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள், அது விட்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் திருகினால் நிப்புக்கும் மூக்குக்கும் உள்ள நேர் கெட்டு, எழுதும்போது கரகரவென்று இழுக்கும்.

குழலுக்குள் உலோக உறையும், அதன் பக்கவாட்டில் அழுத்தும் பட்டையும் இருந்தால் அது 1948-ல் வந்த ஏரோமெட்ரிக் வகை. அசல் 51-ன் உறையில் பார்க்கர் பேரும் மை நிரப்பும் முறையும் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். இதுதான் முதல் சாட்சி. குழலில் வளையத்தை ஒட்டி நாடு பொறித்திருந்தால் அது இரண்டாவது சாட்சி. கை பட்டுத் தேய்ந்திருக்கும் என்பதால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கவும். அமெரிக்கத் தயாரிப்பில் பக்கத்தில் தனியாக ஓர் எண் இருந்தால் அது வருடத்தின் கடைசி இலக்கம்: ஏரோமெட்ரிக்கில் 9 என்றால் 1949.

குழல் கழலவே இல்லை, வால் நுனியில் மட்டும் மெல்லிய கோடு தெரிகிறது என்றால் அது 1941-ல் விற்பனைக்கு வந்த முந்தைய வேக்குமேட்டிக் வகை. வால்மூடியைத் திருகி எடுத்தால் உள்ளே அமுக்கும் தண்டு இருக்கும். அதோடு சேர்ந்த ரப்பர் சவ்வு காய்ந்து போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்டை வலுக்கட்டாயமாக அமுக்க வேண்டாம். சவ்வு மாற்ற அதற்கென்றே உள்ள கருவி தேவை, வீட்டு வேலை அல்ல. மூக்கின் மேல் குட்டி அம்பு பதித்திருந்தால் அது 1956-ல் வந்த பார்க்கர் 61. நிப்பு பாதி வெளியே தெரிந்தால் 1960-ல் வந்த 45 ஆக இருக்கலாம்.

தங்க நிப்பா என்று காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒட்டினால் தங்கம் இல்லை, அது சரி. ஒட்டாவிட்டால் தங்கம் என்று அர்த்தமில்லை, பல எவர்சில்வர் ரகங்களும் ஒட்டாது. சாதாரண 51-க்கு 14 கேரட் நிப்பு. ஆனால் ‘51 ஸ்பெஷல்’ என்ற ரகத்துக்கு பார்க்கரே ஆக்டானியம் என்ற கலப்பு உலோகத்தில்தான் நிப்பு போட்டது. ஆகவே தங்கம் இல்லை என்றதும் போலி என்று தூக்கிப்போட வேண்டாம். தங்கத்துக்காகப் பட்டறையில் எடை போடுவது வீண் வேலை. துளித் தங்கத்துக்கு முழுப் பேனாவையும் இழப்பீர்கள்.

இனி சுத்தம் செய்வது. ஏரோமெட்ரிக்கின் பெரிய பலம் அதன் மைப்பை. ரப்பர் அல்ல, பி.வி.சி. வகை, எழுபது வருடம் கழித்தும் மெத்தென்றே இருக்கும். மூக்கை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் வளையம் வரை மூழ்கவிட்டு ஒரு ராத்திரி வையுங்கள். போர்த் தண்ணி வேண்டாம். உப்பு படிந்தால் உள்ளேயுள்ள சீப்புப் பற்கள் போன்ற நுண்ணிய இடுக்குகள் அடைக்கும். சிறுவாணித் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ போதும். காலையில் பட்டையை அமுக்கி அமுக்கி விடுங்கள். இடுக்குகளில் பழைய மை நிறைய தேங்கியிருக்கும், மூன்று நான்கு நாள் நீலம் வந்துகொண்டே இருக்கும், பொறுமை வேண்டும். சுடுதண்ணீர், ஸ்பிரிட், சானிடைசர் மூன்றும் ஆகாது: குழல் அக்ரிலிக், ஸ்பிரிட் பட்டால் நுண்விரிசல் விடும். தங்க முலாம் மூடியைப் புளி, திருநீறு போட்டுத் தேய்த்தால் பித்தளை எட்டிப் பார்க்கும்.

மை ஊறவில்லை என்றால் பைக்குள் இருக்கும் மெல்லிய காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. பட்டையை ஒரே அமுக்காக அமுக்கினால் பை நிறையாது. அந்தக் குழாய் வழியாகக் காற்று வெளியேறி ஒவ்வோர் அமுக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மை ஏறும்படிதான் செய்திருக்கிறார்கள். ஐந்தாறு தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஓரிரு நொடி விட்டு அமுக்குங்கள். கேம்லின், பிரில் போன்ற சாதாரண எழுதும் மையே சரி. படம் வரையும் இந்தியன் இங்க் ஒரு தடவை ஊற்றினாலும் கதை முடிந்தது.

எழுதும் சுகம்? கோடு சீராக, ஈரமாக வருகிறது. மூடி திறந்து வைத்தாலும் நிப்பு சட்டென்று காயாது. அழுத்தித் தடிப்பு மெலிவு காட்ட நினைப்பவர்களுக்கு இது பேனா அல்ல, நிப்பு ஆணி மாதிரி வளையாது. நிப்பு மறைந்திருப்பதால் எந்தப் பக்கம் மேல் என்று கிளிப்பையோ மூக்கின் கூர்முனையையோ பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று, முனை அப்பாரு எழுதிய சாய்வுக்கே தேய்ந்திருக்கும். உங்கள் பிடிக்கு ஒரு கோணத்தில் கரகரக்கும், கொஞ்சம் உருட்டிப் பிடித்தால் வழுக்கும். அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். உப்புத்தாளில் தேய்க்க வேண்டாம்.

எழுத்துக்கு 5-க்கு 4½. பழுது பார்க்கும் வசதிக்கு ஏரோமெட்ரிக் என்றால் 4, வேக்குமேட்டிக் என்றால் 2. குழலில் அப்பாரு பேர் பொறித்திருந்தால் சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். விற்காத வீட்டுக்கு அது குறையே அல்ல. கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலில் ஒரே கேள்வி கேளுங்கள்: “மூக்கை எப்படிங்க கழட்டுவீங்க?” மிதமான சூடு காட்டி அரக்கை இளக்குவோம் என்றால் கொடுங்கள். கொறடு எடுத்தால் பேனாவை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.