தடம் போடாத பனிக்கு எந்த ஸ்கீ? 54, 62, 68 – ஓர் ஒப்பீடு

ஒஸ்லோவைச் சுற்றியுள்ள நூர்மார்க்கா காட்டில் இயந்திரம் போட்டுவைத்த இரட்டைத் தடத்தில் ஓடிப் பழகியவர்கள், சில குளிர்காலங்கள் போனதும் தடமே இல்லாத மலையைப் பற்றிக் கேட்கத் தொடங்குவார்கள். நம்மவர்களிலும் பலர் இப்போது ஃபின்சே, ஹார்டாங்கர்விடா என்று நோர்வேயின் மலைப்பகுதிகளுக்குக் கிளம்புகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே ஸ்கீ பழகிவிடுவதால் பெற்றோரையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அப்போதுதான் மலை ஸ்கீ வாங்கும் பேச்சு வரும். ஸ்கீயின் நீளத்துக்கு உன் உயரத்தோடு 20 சென்டிமீட்டர் கூட்டிக்கொள், அகலமாக இருந்தால் நல்லது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நான் முதலில் கேட்பது எடையைத்தான், அதுவும் முதுகுப்பையோடு சேர்த்து.

காரணம் ஸ்கீயின் அமைப்பிலேயே இருக்கிறது. தரையில் வைத்தால் அதன் நடுப்பகுதி வில் போல மேலே எழும்பி நிற்கும். ஒரு காலில் முழு எடையையும் போட்டு உந்தும்போது அந்த வில் நசுங்கி, நடுப்பகுதி பனியைப் பிடிக்க வேண்டும். இரண்டு காலிலும் எடை பகிர்ந்து சறுக்கும்போது மறுபடி எழும்ப வேண்டும். அடியில் பூசும் மெழுகு, அடிப்பக்கத்தில் செதுக்கிய மீன்செதில் போன்ற வரிகள் (செதில்), அடியில் மாட்டும் இழைப்பட்டை (தோல்பட்டை) என்று பிடிப்புக்கு எதை நம்பினாலும், அது பனியைத் தொட்டால்தான் வேலை செய்யும். 55 கிலோ எடையுள்ள ஒருவர் 85 கிலோக்காரருக்கான விறைப்பான ஸ்கீயைப் போட்டால், எவ்வளவு நல்ல மெழுகு பூசினாலும் ஏற்றத்தில் பின்னால்தான் வழுக்குவார். நோர்வேஜியர்களின் சராசரியைவிட உடல்வாகு சிறியவர்களுக்கு உயரக் கணக்கு இப்படித்தான் காலை வாருகிறது. ஒவ்வொரு ஸ்கீக்கும் எடைக்கேற்ற நீளத்தைத் தயாரிப்பாளரே அட்டவணையாகத் தருகிறார்; அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடையில் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு காலில் நின்று, பாதத்தின் கீழே ஒரு தாளை இழுக்கச் சொல்லுங்கள். தாள் அசையக்கூடாது. இரண்டு காலிலும் சமமாக நின்றால் அதே தாள் நகர வேண்டும்.

இனி அகலம். ஸ்கீயின் இடை, அதாவது நடுப்பகுதியின் அகலத்தை வைத்து மூன்று வகையாகப் பார்க்கலாம்; தலைப்பில் உள்ள 54, 62, 68 அந்த அகலம்தான், மில்லிமீட்டரில்.

ஒடுக்கமான வகைக்கு நல்ல உதாரணம் ஓஸ்னஸ் நிறுவனத்தின் காம்மெ 54: முனை 68, இடை 54, வால் 61 மி.மீ. ஃபிஷரின் ஈ99-உம் இதே குடும்பம். வில் விறைப்பானது, எஃகு விளிம்பு உண்டு, நேர்கோட்டை விட்டு விலகாது. ஹார்டாங்கர்விடா மாதிரி மரமே இல்லாத மேட்டுநிலத்துக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை. அங்கே பனி அதிகமும் காற்றடித்து இறுகியது. உறைந்த ஏரிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும். ஒரு நாளின் பெரும்பகுதி சமதரையிலும் மெல்லிய ஏற்றத்திலுமே போகும். ஒவ்வோர் உந்தலுக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சறுக்கினால் மாலையில் தங்கும் குடிசைக்கு வெளிச்சத்தோடு போய்ச் சேரலாம். போகிற வழியில் போட்ட தடம் கிடைத்தாலும் இதன் முனை அதில் அடங்கும். குறை, திருப்பம். பொலபொலப்பான புதுப்பனி நிறைந்த பேர்ச் மரச்சரிவில் இறங்க நேர்ந்தால் இது ஆழப் புதையும், சுலபத்தில் திரும்பாது.

அகலமான வகையில் மத்ஷுஸ் நிறுவனத்தின் எம்68, அதாவது முன்பு எப்போக் என்று விற்றது: முனை 99, இடை 68, வால் 84 மி.மீ. ஃபிஷரின் எஸ்-பவுண்ட் 98-ஐயும் இதோடு சேர்க்கலாம். முனைக்கும் இடைக்கும் 31 மி.மீ. வித்தியாசம் இருப்பதால் சாய்த்தாலே திரும்பிவிடும். மென்மையான வில் என்பதால் எடை குறைந்தவருக்கும் நசுங்கும். காட்டுக்குள் ஏறி இறங்கி, மரங்களுக்கு நடுவே வளைந்து போவதில் வருகிற சந்தோஷத்துக்கு இதுதான் ஸ்கீ. ஆனால் போட்ட தடத்தில் இது அடங்காது. நீண்ட ஏரியைக் கடக்கும்போது 54 போட்ட நண்பர் முன்னால் புள்ளியாகிவிடுவார்.

அகலத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பொருக்குத் தட்டிய சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது விளிம்பு பாதத்துக்கு வெளியே நீண்டு நிற்கிறது. பூட்ஸ் மென்மையாக இருந்தால் ஸ்கீ தட்டையாகச் சாய்ந்துகொள்ளும், கணுக்கால்தான் வலிக்கும். அதனால் 68-ஐ வாங்குபவர் பூட்ஸுக்கும், அதை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்குக்கும் சேர்த்தே பணம் எடுத்துவைக்க வேண்டும். ரொட்டெஃபெல்லா நிறுவனத்தின் 75 மி.மீ. மூன்று முள் பைண்டிங் 1927-இல் பிறந்தது. உறுதியான பூட்ஸோடு சேர்ந்தால் இன்றும் அகலமான ஸ்கீயை அடக்கும், உதிரிக்கும் கவலையில்லை. என்என்என்-பிசி என்ற இன்னொரு வகை பைண்டிங் இலேசானது, நடைக்குச் சுகமானது, 54-க்கும் 62-க்கும் தாராளமாகப் போதும். 2021-இல் வந்த எக்ஸ்ப்ளோர் பைண்டிங் பக்கவாட்டுத் திருகலை என்என்என்-பிசியைவிட நன்றாகத் தாங்குகிறது. அதற்கென்றே செய்த பூட்ஸ்தான் பொருந்தும், விலையும் கூடுதல். புதிதாக எல்லாவற்றையும் வாங்குபவர் எக்ஸ்ப்ளோரையே எடுக்கலாம் என்பேன்.

இடைப்பட்டதில் ஓஸ்னஸ் இங்ஸ்டாட்: முனை 84, இடை 62, வால் 74. ஃபிஷர் ஈ109 இதற்குப் பக்கத்தில் நிற்கும். இடைப்பட்டது எதிலும் சிறக்காது என்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காலையில் காட்டுக்குள் ஏறி, நடுப்பகலில் மரவரம்புக்கு மேலே திறந்த வெளியில் நடந்து, மாலையில் வேறு பள்ளத்தாக்கில் இறங்கும் பயணங்களில், முழு நாளுக்கும் முகம் சுளிக்காத ஸ்கீ இதுதான். எனக்கு 62 கிலோ, பை 9 கிலோ. இந்த எடைக்கு 54-இன் வில் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். இங்ஸ்டாட்டின் வில் முன்பக்கம் மென்மை என்பதால் புதுப்பனியில் முனை மேலே எழும்பி வருகிறது.

அடிப்பக்கம் மெழுகா, செதிலா? குளிர் நிலையாக இருக்கும் பிப்ரவரியில் மெழுகுக்கு ஈடில்லை. மைனஸ் 1 முதல் 7 டிகிரிக்குள் ஸ்விக்ஸ் நிறுவனத்தின் நீல எக்ஸ்ட்ரா வி40 மெழுகை மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்து, தக்கையால் பரப்பினால் ஏற்றத்திலும் பிடிக்கும், சறுக்கலும் சத்தமில்லாமல் போகும். தொல்லை பூச்சியத்தைச் சுற்றித்தான். ஈஸ்டர் விடுமுறையில் காலையில் மைனஸ் 8 இருக்கும்; மதியம் வெயிலில் பனி ஈரமாகிவிடும். காலைக்குப் பூசியது மதியம் ஒன்று வழுக்கும், இல்லாவிட்டால் அடியில் பனி கட்டிகட்டியாக ஒட்டி ஒவ்வோர் அடியும் கனக்கும். செதில் அடிப்பக்கத்துக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. அது சறுக்கும்போது முரலும், கடும் குளிரில் வேகம் இழுக்கும், பனிக்கட்டியில் பிடிக்காது. ஆனாலும் ஆண்டில் சில வாரங்களே மலைக்குப் போகிறவர் மெழுகுப் பெட்டியோடு மல்லுக்கட்டுவதைவிடச் செதிலை எடுப்பது நல்லது.

மூன்றாவது வழி குட்டைத் தோல்பட்டை. காம்மெ, இங்ஸ்டாட் இரண்டிலும் அடிப்பக்கத்தில் அதை மாட்டும் அமைப்பு இருக்கிறது. ஏற்றம் வந்தால் மாட்டு, சமதரை வந்தால் கழற்று. மொஹேர் (அங்கோரா ஆட்டு முடி) இழை நன்றாகச் சறுக்கும். நைலான் நன்றாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். சுமை நிறைந்த பனிவண்டி இழுப்பவருக்கு முழுநீளத் தோல்பட்டைதான் கதி.

அல்தாய் ஹொக் மாதிரி, தோல்பட்டையை அடியிலேயே பதித்த குட்டை அகல ஸ்கீகளும் உண்டு. பனிக்காலணிக்குப் பதிலாக அடர்ந்த காட்டில் நடக்க அருமையானவை. ஹார்டாங்கர்விடாவுக்கு வேண்டாம்.

68-ஐ வாங்குபவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அது திரும்புகிறது என்பதால் செங்குத்துச் சரிவுகள் கூப்பிடும். 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளிலும், அவற்றின் அடிவாரத்தில் சரிந்துவரும் பனி வந்து விழும் இடங்களிலும் பனிச்சரிவு ஆபத்து உண்டு. கிளம்புமுன் நோர்வேயின் பனிச்சரிவு எச்சரிக்கைகளைத் தரும் வர்சோம் இணையதளத்தில் அன்றைய எச்சரிக்கையைப் பாருங்கள். சரிவின் கோணத்தை வரைபடத்தில் பார்க்கத் தெரியாதவரைக்கும், மலையேற்றச் சங்கம் கிளை நட்டு அடையாளமிட்ட குளிர்காலப் பாதையை விட்டு விலகாதீர்கள்.

ஆகவே, 80 கிலோவுக்கு மேல், கனமான பையோ பனிவண்டியோ, குடிசைக்குக் குடிசை பல நாள் பயணம் என்றால் 54, மெழுகு அடிப்பக்கம், தோல்பட்டை. காட்டுக்குள் ஒருநாள் உலா, இறக்கத்தில் விளையாட ஆசை என்றால் 68, செதில், உறுதியான பூட்ஸ். எடை குறைந்தவருக்கு, ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் 62.

புதிது விலை கூடினால் பழையதைத் தேடலாம். வசந்தம் முடியும்போது நிறைய விற்பனைக்கு வரும். எஃகு விளிம்பு எங்கும் பிரிந்திருக்கிறதா, பைண்டிங் திருகு ஆடுகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு ஸ்கீயையும் அடிப்பக்கம் ஒன்றையொன்று பார்க்கச் சேர்த்துப் பிடித்து, நடுவில் ஒரு கையால் அழுத்துங்கள். எதிர்ப்பே காட்டாமல் ஒட்டிக்கொண்டால் வில் செத்துவிட்டது. எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.