புரோட்டோகால்ஸ்.ஐஓ: லேப் எஸ்ஓபி எழுத எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

புரோட்டோகால்ஸ்.ஐஓ, ஆய்வகச் செய்முறைகளைப் படிப்படியாக எழுதி வைக்கவும் பிறருடன் பகிரவும் உதவும் இணையச் சேவை. 2023 முதல் ஸ்பிரிங்கர் நேச்சர் பதிப்பகத்தின் கையில் இருக்கிறது. இதைத் தொடங்கியவர்களில் ஒருவரான லென்னி டெய்டல்மேன், ஏற்கெனவே வெளியான ஒரு செய்முறையை ஓடவைக்க ஒன்றரை ஆண்டு போராடினார். கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு படியைத்தான்: 1 மைக்ரோலிட்டருக்குப் பதில் 5, கால் மணி நேரத்துக்குப் பதில் ஒரு மணி நேரம். இப்படிப்பட்ட திருத்தங்களைப் பிறருடன் பகிர ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் இந்தத் தளம்.

ஆராய்ச்சி மாணவருக்கு இது நல்ல கருவி என்பதில் சந்தேகமில்லை. அன்றாடம் நோயாளி மாதிரிகளைக் கையாளும் லேபின் எஸ்ஓபிக்கு, அதாவது எல்லோரும் ஒரே மாதிரி பின்பற்ற எழுதிவைக்கும் செய்முறை ஆவணத்துக்கு, இது பொருந்துமா என்பதே கேள்வி. காசநோய்க் கிருமியை வளர்ப்பதற்கு முன் சளியைப் பதப்படுத்தும் என்ஏஎல்சி–சோடியம் ஹைட்ராக்சைடு முறையை (என்ஏஎல்சி சளியைக் கரைக்கும், சோடியம் ஹைட்ராக்சைடு மற்ற பாக்டீரியாவைக் கொல்லும்) இதில் ஏற்றிப் பார்த்தால் தெளிவாகிவிடும். விவரம் குறைந்தாலும் தவறு, கூடினாலும் தவறு என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

முதலில் சென்ட்ரிஃபியூஜ், அதாவது டியூபுகளை வேகமாகச் சுழற்றிக் கிருமியை அடியில் படியவைக்கும் கருவி. பல எஸ்ஓபிகளில் "3000 ஆர்பிஎம், 15 நிமிடம்" என்று இருக்கும். வேண்டியது 3000 ஜி. இரண்டும் ஒன்றல்ல: ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று, ஜி என்பது புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை. ஜி = 1.118 × 10⁻⁵ × டியூபுகளைத் தாங்கிச் சுழலும் ரோட்டரின் ஆரம் (செ.மீ.) × ஆர்பிஎம்மின் வர்க்கம். ஆரம் 16 செ.மீ. என்றால் 3000 ஆர்பிஎம்மில் கிடைப்பது சுமார் 1,610 ஜி மட்டுமே. 3000 ஜி வேண்டுமானால் சுமார் 4,100 ஆர்பிஎம்மில் ஓட்ட வேண்டும். காசநோய்க் கிருமி மெழுகு நிறைந்த, எளிதில் அடியில் படியாத கிருமி. விசை குறைந்தால் அது மேல்நீரிலேயே நின்று, ஊற்றும்போது சேர்ந்து போய்விடும். நோய் இருந்தும் வளர்ப்பு நெகட்டிவாக வரலாம். தளத்தில் சென்ட்ரிஃபியூஜ் படிக்கு வேகம், வெப்பநிலை, நேரம் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் இருப்பதால், வெறும் எண்ணைப் போட்டுவிட்டு நகரும் பழக்கம் குறைகிறது. இந்த ஒரு வசதிக்காகவே வேர்ட் கோப்பைவிட இது மேல்.

அடுத்தது நேரம். சளியின் அளவுக்குச் சமமாக என்ஏஎல்சி–சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றி, வோர்டெக்ஸ் கருவியில் குலுக்கிக் கலந்து, 15 நிமிடம் வைக்க வேண்டும். 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மற்ற பாக்டீரியாவோடு காசநோய்க் கிருமியும் சாகும். குறைந்தால் மற்றவை பிழைத்து வளர்ப்பைக் கெடுக்கும். ஆனால் "15 நிமிடம்" என்று எழுதினால் போதுமா? எந்த டியூபிலிருந்து? ஒரே தொகுதியில் 24 டியூப் இருந்தால், கடைசி டியூபில் ஊற்றி முடிப்பதற்குள் முதல் டியூபுக்குப் பல நிமிடம் கூடுதலாகிவிடும். ஆகவே எஸ்ஓபியில் இருக்க வேண்டிய வரி இப்படி: "முதல் டியூபில் ஊற்றியதும் கடிகாரத்தை ஓட்டு, சென்ட்ரிஃபியூஜ் ஒரே சுற்றில் கொள்ளும் எண்ணிக்கைக்கு மேல் எடுக்காதே, பஃபரையும் (கரைசலின் வீரியத்தைத் தணிக்கும் திரவம்) கரைசலை ஊற்றிய அதே வரிசையில் சேர்." இங்கே தளம் கைவிடுகிறது. டைமர் படிக்கு ஒன்றுதான், டியூபுக்கு ஒன்றல்ல. இந்த வரிகளைக் குறிப்பாகச் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

என்ஏஎல்சி தூள் கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அதற்குப் பின் சளியைக் கரைக்கும் திறன் போய்விடும். தயாரித்த நேரத்தை எழுதப் பாட்டிலில் ஒரு கட்டம், எஸ்ஓபியில் ஒரு வரி, அவ்வளவு போதும். அதன் வேதியியலை அரைப் பக்கம் விளக்குவது பயிற்சிக் கையேட்டின் வேலை. பி.எச். 6.8 பாஸ்பேட் பஃபரை ஒரே பாட்டிலிலிருந்து எல்லா டியூபுக்கும் ஊற்றக் கூடாது, டியூபின் வாயைப் பாட்டில் தொடக் கூடாது என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். ஒருவர் சளியிலிருந்து இன்னொருவர் டியூபுக்குக் கிருமி போனால், நோயில்லாதவர் மாதக்கணக்கில் மருந்து விழுங்க நேரும்.

சென்ட்ரிஃபியூஜை எப்படிச் சமன் செய்வது, கையுறையை எப்படிக் கழற்றுவது போன்றவை இந்த எஸ்ஓபிக்குள் வேண்டாம். அவற்றுக்குத் தனி எஸ்ஓபி வைத்து எண்ணைக் குறிப்பிட்டால் போதும். ஒரே செய்தி இரண்டு இடத்தில் இருந்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது பழையதாகவே நிற்கும். தளத்தில் இன்னொருவர் செய்முறையை நகலெடுத்து மாற்றும் வசதி அருமையானது, ஆனால் அவர் லேபுக்கு மட்டுமே பொருந்தும் விவரங்களும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். நகலெடுத்தவுடன் ஆரம், கேட்டலாக் எண், கொள்ளளவு மூன்றையும் உங்கள் கருவிகளோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

மருத்துவ ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தர விதியான ஐஎஸ்ஓ 15189இன் 2022 பதிப்பு பக்கக் கணக்கு எதுவும் கேட்பதில்லை. எல்லோரும் ஒரே மாதிரி செய்யவும், முடிவு செல்லுபடியாகவும் தேவையான அளவு எழுதச் சொல்கிறது. பணியாளருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தேவையான அளவு எது என்று அறிய எளிய வழி உண்டு. அந்தப் பரிசோதனையைச் செய்திராத, ஆனால் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, நோயாளி மாதிரிக்குப் பதில் வெறும் நீரை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் பாருங்கள். அவர் கை நிற்கும் இடமெல்லாம் விவரம் போதவில்லை. அவர் கண் தாவிப் போகும் பத்தியெல்லாம் மிகை.

பதிப்புகளைச் சேமித்து ஒப்பிடும் வசதி நம்பகமானது. எந்த எண் மாறியது என்று உடனே தெரியும். வெளியிட்டால் டிஓஐ, அதாவது மேற்கோள் காட்ட உதவும் நிரந்தர இணைய அடையாள எண், கிடைக்கும். பொதுவில் வெளியிடுவது இலவசம். தனிப்பட்டதாக வைப்பதற்கு இலவசக் கணக்கில் வரம்பு உண்டு. ஒப்புதல் கையொப்பம், தணிக்கைத் தடம் போன்றவற்றை அந்தக் கணக்கில் எதிர்பார்த்து, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் தணிக்கைக்குப் போகாதீர்கள். காசநோய் லேபுக்குள் போனைக் கொண்டுபோகவும் கூடாது. பிடிஎஃப் எடுத்து, பதிப்பு எண்ணோடு அச்சிட்டு, லேமினேட் செய்து, மாதிரிகளைக் கையாளும் உயிர்ப் பாதுகாப்புப் பெட்டிக்கு அருகில், உட்கார்ந்தபடியே படிக்கும் தூரத்தில் ஒட்டுங்கள். புதிய பதிப்பு வந்த அன்றே பழைய தாளைக் கழற்றிவிடுங்கள்.