மடீராவா, சௌ மிகெலா? மேகத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

இரண்டும் அட்லாண்டிக்கில் உள்ள போர்ச்சுகல் தீவுகள். யூரோ, ஷெங்கன் விசா, லிஸ்பனிலிருந்து நேர் விமானம் எல்லாம் பொது. ஜனவரிப் பகலுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும், ஆகஸ்டிலும் வெயில் வாட்டாது. கையில் ஒரு வாரம்தான் என்றால் என் ஓட்டு மடீராவுக்கு. காரணம், மேகம்.

ஈரமான வடகிழக்குக் காற்று மடீராவின் மலைமுதுகில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, வடக்குச் சரிவில் மேகமாகத் தேங்கும். தெற்கில் தலைநகர் ஃபுன்ஷால் அந்த மலை மறைவில் இருக்கிறது. வடகரையில் சௌ விசென்ட்டில் மழை பிடித்தால், சுரங்கச் சாலை வழியே தென்கரை ரிபெய்ரா பிராவாவுக்கு அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மேலே ஏறியும் தப்பிக்கலாம். பீக்கோ டோ அரியெய்ரோ சிகரம் 1,818 மீட்டர். மேகம் பல நாள் அதற்குக் கீழேயே நின்றுவிடும், காரும் உச்சிவரை போகும். ஆனால் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து புயல் வந்தால் தென்கரையும் நனையும், அப்போது இந்தக் கணக்கு எடுபடாது.

சௌ மிகெலின் உச்சியே சுமார் 1,100 மீட்டர்தான். செட்டே சிடாடெஸ் ஏரிகளைக் காட்டும் விஸ்டா டோ ரெய் காட்சிமுனை அதில் பாதி உயரம். மேகம் இறங்கினால் ஏரி இருக்கும் இடமே தெரியாது, ஏறித் தப்பவும் வழியில்லை. எனவே ஏரிக்கு ஒரே நாளைக் குறித்து வைக்காதீர்கள். தினமும் காலையில் நேரலை கேமராவைப் பார்த்து, தெளிந்த நாளில் உடனே கிளம்புங்கள். மழை நாளுக்கு ஃபுர்னாஸ் வெந்நீர்க் குளங்கள் அருமை. அந்த நீரில் இரும்பு அதிகம், வெளிர் நிற நீச்சலுடையில் கறை ஏறிவிடும்.

மடீராவில் சிக்கல் விமான நிலையத்தில். மலையைச் சுற்றி வரும் காற்று ஓடுபாதையில் சுழலும். வரம்பு மீறினால் விமானத்தைப் பக்கத்துத் தீவான போர்ட்டோ சாண்டோவுக்கோ வேறு ஊருக்கோ திருப்பிவிடுவார்கள். அதனால் லிஸ்பனிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்குத் தனி டிக்கெட் எடுத்திருந்தால், நடுவே ஓர் இரவாவது விடுங்கள். வாடகைக் காரில் மிகச் சிறிய இன்ஜின் வேண்டாம். நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினால் செங்குத்துச் சாலையில் முதல் கியரிலேயே திணறும். லெவாடா எனும் வாய்க்கால் ஓரப் பாதைகளில் மண்சரிவால் சில அவ்வப்போது மூடப்படும், முந்தின நாளே சரிபாருங்கள். கல்டெய்ராவ் வெர்டே பாதையின் சுரங்கங்களுக்குத் தலைவிளக்கு கட்டாயம். உயரம் கண்டு தலைசுற்றுபவர்களுக்கு அந்தப் பாதை வேண்டாம்.

நீண்ட பொன்மணல் கடற்கரை தேடுவோருக்கு இரண்டுமே ஏமாற்றம்தான். மடீராவிலிருந்து போர்ட்டோ சாண்டோவுக்குக் கப்பல் ஏறினால் 9 கிலோமீட்டர் மணல் கிடைக்கும். நீலத் திமிங்கிலம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் மேகத்தை மறந்துவிட்டு, ஏப்ரல், மே மாதங்களில் சௌ மிகெலுக்கே போங்கள்.